காப்பகத்திலிருந்து வரப்பு வரை

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரின் பழைய வீடுகளையும் வயல்களையும் உள்ளபடி அறிய விரும்பும் பயணி, தம் பயணத்தை இலண்டனின் மேற்கே தேம்ஸ் ஆற்றை ஒட்டியுள்ள கியூவில் தொடங்குவதே முறை. பிரித்தானிய அரசின் தேசிய ஆவணக்காப்பகம் அங்குதான் இருக்கிறது. 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் அரசன் வில்லியம், நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம் உள்ளது, எத்தனை ஏர்கள் ஓடுகின்றன, எவ்வளவு வரி தேறும் என்று ஊர் ஊராக விசாரித்து 1086-இல் தொகுப்பித்த 'டூம்ஸ்டே' ஏடுகள் அக்காப்பகத்தின் பெருஞ்செல்வமாகும். டோக்கி என்பவரிடமிருந்த லாக்ஸ்டன், படையெடுப்புக்குப் பின் ஜெஃப்ரி ஆல்செலின் என்னும் நார்மன் பிரபுவின் கைக்குப் போன செய்தி அதில் பதிவாகியுள்ளது. ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் கைமாறிய செய்தி இன்றளவும் நிற்பதற்கு, அதை எழுதியவர்களின் வரலாற்று ஆர்வம் காரணமன்று; வரி தண்டும் அவசரமே காரணம். பிரித்தானிய ஊர் வரலாற்றுக்கான சான்றுகளில் பெரும்பாலானவை இவ்வாறு பணத்துக்காகவும் வழக்குக்காகவும் எழுதப்பட்டவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி, அவற்றைச் சரியாகப் படிக்க இயலாது.

கியூவின் வாசிப்பறைக்குள் பேனா செல்லாது. பென்சிலும், உள்ளிருப்பது வெளியே தெரியும் பையும் மட்டுமே அனுமதிக்கப்படும். பழைய ஏடுகளின் முதுகு ஒடியாதபடி அவற்றைத் தாங்குவதற்குப் பஞ்சுத் தாங்கிகளும், சுருண்டெழும் தாள்களை அழுத்திப் பிடிப்பதற்கு எடை கோத்த கயிறுகளும் மேசையில் தரப்படுகின்றன. இந்த ஒழுங்குக்கு நடுவே படிப்பவர் முன் வந்து சேரும் ஏடுகளில் பழைய வீடுகளைப் பற்றி அதிகம் பேசுவது அடுப்பு வரிப் பட்டியல். 1662 முதல் 1689 வரை நடைமுறையில் இருந்த இவ்வரியின்படி, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள அடுப்பு அல்லது கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் என இரு தவணைகளில் செலுத்த வேண்டும். அதற்காக வீட்டுத் தலைவரின் பெயரும் கணப்புகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டன. ஒரே கணப்பு உள்ளவர் குடிசைவாசி என்றும், ஆறேழு கணப்பு உள்ளவர் வசதி படைத்தவர் என்றும் ஊகிக்க அந்த ஒற்றை எண் உதவுகிறது. ஆயினும் ஏழைகளுக்கு விலக்கு இருந்ததால், விலக்குப் பெற்றோர் பெயர்கள் விடுபட்ட பட்டியலை மட்டும் வைத்து ஊரின் வீடுகளை எண்ணினால் கணக்கு குறைபடும்.

பிற்காலத்து ஏடுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். 1910-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தை ஒட்டி நாடு முழுவதும் நிலமும் கட்டடமும் மதிப்பிடப்பட்டபோது எழுதப்பட்ட களக்குறிப்பேடுகளில், உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், அறைகள் எத்தனை, கூரை எந்த நிலையில் உள்ளது என்பன வீட்டுக்கு வீடு காணப்படுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 முதல் 1943 வரை நடந்த பண்ணைக் கணக்கெடுப்போ, 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு பண்ணையையும் பார்வையிட்டு, உழவரின் திறமைக்கு அ, ஆ, இ என்பதுபோல் மூன்று தரம் வழங்கியது. தம் பாட்டனாருக்குக் கடைசித் தரம் கிடைத்ததைப் பேரன் படித்தறியும் நிலை இதனால் இன்று உண்டாகியுள்ளது. ஓர் அதிகாரி ஒரு நாள் போட்ட மதிப்பெண்ணை ஓர் உழவரின் வாழ்நாள் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது அறமாகாது.

தொடர்ந்து வரும் ஆவண வரிசையில் ஓட்டைகளும் உள்ளன. குடிமக்களின் பெயர்களோடு நாடு தழுவிய மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் கிடைக்கிறது; ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931-ஆம் ஆண்டுக் கணக்கேடுகள் 1942-இல் தீயில் அழிந்தன; 1941-இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கப்படவில்லை. எனவே 1921-க்கும் 1951-க்கும் இடையே, 1939-இல் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்ட பதிவேடு ஒன்றே கைகொடுக்கிறது. பழைய ஏடுகளில் ஆண்டுக்கணக்கும் தடுமாற வைக்கும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், ஏட்டில் 1635 பிப்ரவரி என்றிருப்பது இன்றைய கணக்கில் 1636 பிப்ரவரியாகும். அத்துடன் 1733 வரை நீதிமன்ற ஏடுகள், குடியரசு நிலவிய சில ஆண்டுகள் நீங்கலாக, இலத்தீனில் எழுதப்பட்டன. ஆகவே ஊர்க்காரராயினும் தம் ஊர் மன்ற ஏட்டைப் படிக்க இலத்தீனும் பழைய கையெழுத்தும் பயிலவேண்டியிருக்கிறது. அவ்வாறு மாலை வகுப்புகளில் பயின்று தம் ஊர் ஏடுகளைப் பெயர்த்தெழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் அந்நாட்டில் பலர். ஊர் வரலாற்றின் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பிலேயே நிற்கிறது.

பயணத்தின் அடுத்த நிலை ஆக்ஸ்ஃபோர்டு. லாக்ஸ்டனின் உயிர்நாடியான நிலப்படம் அங்குள்ள பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1635-இல் அவ்வூரின் உரிமையாளராக இருந்த சர் வில்லியம் கோர்ட்டன் என்னும் இலண்டன் வணிகருக்காக மார்க் பியர்ஸ் என்னும் நில அளவர் அதை வரைந்தார். படத்தோடு கூடவே ஒரு நில விவர ஏடும் எழுதப்பட்டது. இதுபோன்ற ஏட்டை ஆங்கிலேயர் 'டெரியர்' என்பர். ஒவ்வொரு துண்டு நிலமும் யாருடையது, யார் உழுகிறார், பரப்பு எத்தனை ஏக்கர், எத்தனை ரூட், எத்தனை பெர்ச் என்று அதில் கணக்கு உண்டு. நாற்பது பெர்ச் ஒரு ரூட். நான்கு ரூட் ஓர் ஏக்கர். படத்தின் எண்ணைக் கொண்டு ஏட்டைத் திறந்தால் நிலத்துக்குரியவர் பெயர் வந்து நிற்கும். ஏட்டின் பெயரைக் கொண்டு படத்தைப் பார்த்தால் அவருடைய துண்டுகள் ஊரின் எத்திசையில் சிதறிக் கிடந்தன என்பது விளங்கும். நம் ஊர்ப் புலப்படமும் பதிவேடும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதைப் போன்றதே இது.

அளவரின் பணி அளவோடு நின்றுவிடவில்லை. வயல்களின் நடுவே ஏர் பூட்டி உழுபவரையும், கதிர் அறுப்பவரையும், நாய்களுடன் வேட்டைக்குச் செல்பவரையும் பியர்ஸ் சிறு உருவங்களாக வரைந்து வைத்திருக்கிறார். உரிமையாளர் கண்ணுக்கு இனிமை சேர்ப்பதற்காக வரையப்பட்டவை அவை எனினும், எந்த வயலில் எந்த வேலை நடந்தது என்பதற்கும் அவை சான்றாகின்றன. படத்தை வரையச் செய்த கோர்ட்டனின் கதையோ லாக்ஸ்டனின் எல்லையைக் கடந்து நெடுந்தூரம் செல்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வாணிபம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரின் ஆதரவைப் பெற்ற குழுவுக்குப் பணம் தந்தவர் அவர். ஜான் வெடல் தலைமையில் 1636-இல் புறப்பட்ட அக்குழுவின் கப்பல்கள் கோவாவுக்கும் அங்கிருந்து சீனத்துக்கும் சென்றன. கோர்ட்டன் அவ்வாண்டே இறந்துபோனார். இந்தியக் கடற்கரையைக் குறிவைத்த ஒரு வணிகரே இங்கிலாந்தின் நடுநாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரப்புகளை இவ்வளவு நுணுக்கமாக அளக்கச் செய்தவர் என்பது, ஊர் வரலாறு ஊரோடு முடிவதில்லை என்பதைக் காட்டுகிறது.

நாட்டிங்காம் நகரில் இரு காப்பகங்கள் பார்க்கத்தக்கவை. கோர்ட்டனுக்குப் பின் லாக்ஸ்டன் பியர்பாண்ட் குடும்பத்திடமும் அதன் வழிவந்த மான்வர்ஸ் பிரபுக்களிடமும் போய்ச் சேர்ந்ததால், அவர்களுடைய பண்ணை ஏடுகள் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மாவட்ட ஏடுகள் நாட்டிங்காம்ஷயர் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. 1538-இல் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையால் ஒவ்வொரு பங்கிலும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்குட்பட்ட ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும் வழக்கம் தொடங்கியது. 1858 வரை உயில்களை மெய்ப்பித்தவையும் திருச்சபை மன்றங்களே. அந்த உயில்களுடன் இணைந்து வரும் சொத்துப் பட்டியல்களே வீடுகளின் உட்புறத்தைக் காட்டும் கண்ணாடி.

ஒருவர் இறந்ததும் அண்டை வீட்டார் சிலர் மதிப்பீட்டாளர்களாக வந்து வீட்டுக்குள் நுழைந்து, அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் விலையுடன் எழுதுவார்கள்: கூடத்தில் மேசை, பெஞ்சு, பானை, கணப்பில் தொங்கும் சங்கிலிக் கொக்கி, உள்ளறையில் இறகு மெத்தையும் போர்வையும், மேலறையில் கம்பளியும் பாலாடைக் கட்டிகளும், கொட்டிலில் மாடுகள், வயலில் நின்ற பயிர். அவர்கள் நடந்த வரிசையைப் பின்பற்றினால் வீட்டின் அமைப்பு கிட்டத்தட்ட வரைந்துவிடத்தக்கதாகிறது. கூடத்துக்கு மேலே அறை இருந்ததா, சமையலறை தனியே இருந்ததா என்பனவும் தெளிவாகின்றன. ஆனால் விற்கத்தக்க பொருள் இல்லாத அறையை மதிப்பீட்டாளர் எழுதாமல் விட்டிருக்கக்கூடும். ஆகவே பட்டியலில் இல்லாத அறை வீட்டிலும் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு.

எழுத்து கைவிடும் இடத்தில் மரமும் செங்கல்லும் சாட்சி சொல்கின்றன. ஓக் மரத்தின் ஆண்டு வளையங்கள் மழை நிறைந்த ஆண்டில் அகன்றும் வறண்ட ஆண்டில் குறுகியும் அமைவதால், உத்தரத்திலிருந்து துளைத்தெடுத்த மெல்லிய மாதிரியின் வளைய வரிசையை ஏற்கெனவே ஆண்டு தெரிந்த வரிசையுடன் ஒப்பிட்டு மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் கணிக்கிறார்கள். பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் எஞ்சியிருந்தால் எந்தப் பருவத்தில் வெட்டினார்கள் என்பதுகூடத் தெரியும். ஓக் காய்ந்தால் இரும்பாகிவிடும் என்பதால் தச்சர்கள் அதைப் பச்சையாகவே வேலைக்கு எடுத்தனர். ஆகவே வெட்டிய ஆண்டு பெரும்பாலும் கட்டிய ஆண்டாகவும் அமைகிறது. இக்கலையில் பெயர்பெற்ற ஆய்வகம் ஒன்று நாட்டிங்காமிலேயே உள்ளது. செங்கல்லின் அளவும் ஓரளவு பேசும். 1784-இல் ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவு என்று வரி விதிக்கப்பட்டதும் சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினர். 1803-இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது. 1850-இல் வரியே நீங்கியது. 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரிக்கு அஞ்சி அடைக்கப்பட்டவை என்று வழிகாட்டிகள் சுட்டும் ஜன்னல்களுள் சில, முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே பொய்யாகக் கட்டப்பட்டவை என்பதையும் சொல்லவேண்டும்.

நாட்டிங்காமுக்கு வடகிழக்கே, சிவந்த களிமண் நிலத்தின் மீது லாக்ஸ்டன் அமைந்திருக்கிறது. மழைக்காலத்தில் காலணியை விட்டுப் பிரிய மறுக்கும் அந்த மண்ணே ஊரின் செங்கல் வீடுகளுக்கும் மூலப்பொருள். தெருவில் நிற்கும் பழைய பண்ணை வீடுகளுள் பல, முகப்பைத் தெருவுக்குக் காட்டாமல் பக்கச்சுவரைக் காட்டி நிற்கின்றன. அவற்றின் பின்னே முற்றமும் களஞ்சியமும் நீண்டு குறுகிய கொல்லையும் தொடர்கின்றன. 1635-ஆம் ஆண்டுப் படத்தின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தெருவில் நடக்கும்போது ஓர் உண்மை மெல்ல மெல்லத் துலங்குகிறது: பியர்ஸ் வரைந்த வீடுகள் பெரும்பாலும் இன்றில்லை, மரச்சட்டமும் மண்ணுமாக இருந்த அவை இடிந்து, அவ்விடத்தில் செங்கல் வீடுகள் எழுந்தன. ஆனால் மனைகளின் எல்லைகள் பலவும் அப்படியே உள்ளன. வீடு மாறினாலும் மனை மாறவில்லை. கட்டடத்தின் வயதை மட்டும் கேட்பவர், அதைவிட மூத்த வேலிக்கோட்டைக் கவனிக்காமல் கடந்துபோவார். ஊரின் வரலாற்றை வேலியிலும் பாதையிலும் படிக்கக் கற்பித்த டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1948-இல் லெஸ்டரில் ஆங்கில ஊர் வரலாற்றுத் துறையைத் தொடங்கி, 1955-இல் ஆங்கில நிலத்தோற்றம் உருவான விதத்தைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். அவர் காட்டிய வழிக்கு லாக்ஸ்டனைவிடத் தக்க பாடசாலை கிடைப்பது அரிது.

ஊரின் தனிப்பெருமை அதன் வயல்களில் உள்ளது. இடைக்கால இங்கிலாந்தில் பல ஊர்களின் விளைநிலம் வேலியற்ற பெரும் வயல்களாக இருந்தது. ஒவ்வொரு வயலிலும் ஒவ்வோர் உழவருக்கும் கீற்றுக் கீற்றாகப் பங்கு இருந்தது. எல்லோரும் ஒரே பயிர்ச் சுழற்சிக்குக் கட்டுப்பட்டனர். பின்னர் நாடாளுமன்றச் சட்டங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் இயற்றப்பட்டு, அவ்வயல்கள் தனித்தனிப் பண்ணைகளாக வேலியிடப்பட்டன. பொது மேய்ச்சலும் மறைந்தது. சிறு உழவரும் நிலமற்றோரும் அதில் இழந்தது மிகுதி. லாக்ஸ்டனில் நிலவுரிமை ஒரே கையில் இல்லாதிருந்தது அங்கு முழு வேலியிடல் நடைபெறாமைக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்னும் மூன்றும் இன்றும் வேலியின்றிக் கிடக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் இணைக்கப்பட்டு அகலமாக்கப்பட்டன எனினும் முறை மாறவில்லை: ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தகாலப் பயிர், ஒன்று தரிசு அல்லது தீவனம். கீற்றுகளுக்கு இடையே ஏர் செல்லவியலாத ஈரச் சரிவுகள் புல்லாக விடப்பட்டுள்ளன. அப்புல்லின் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போகிறது.

நவம்பர் இறுதியில் ஊர் உழவர்களுள் சிலர் நடுவர்களாகப் புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குச் செல்கின்றனர். கீற்றின் முனையில் நின்று, உழவு சரியான கோட்டில் நின்றிருக்கிறதா, பொதுப் புல்லையோ வண்டிப் பாதையையோ கலப்பை கடித்திருக்கிறதா என்று கண்ணால் அளந்து, எல்லை தெரியாத இடத்தில் மரமுளையைச் சம்மட்டியால் அறைகின்றனர். அத்துமீறியவர் பெயர் குறித்துக்கொள்ளப்படுகிறது. அடுத்த வாரம் ஊரின் டவ்கோட் விடுதியில் 'கோர்ட் லீட்' என்னும் ஊர் மன்றம் கூடி, அபராதம் விதித்து, அடுத்த ஆண்டுக்கான நடுவர்களை நியமிக்கிறது. இது காட்சிக்காக நடத்தப்படும் சடங்கன்று. 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நாடெங்கும் நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தது. இம்மன்றத்தின் பழைய ஏடுகளில் காணும் குற்றங்களும் இவ்வகையினவே: வரப்பை மீறி உழுதல், வடிகாலைத் தூர்வாராமல் விடுதல், கால்நடையை அலையவிடல். ஏட்டில் இலத்தீனில் வறண்டு கிடக்கும் ஒரு வரி, ஈரமண்ணில் முளையறையும் ஓசையைக் கேட்ட பின்பே பொருள் முழுதும் தருகிறது. நிலத்தை நடந்து பார்க்காத ஆவண ஆய்வும் ஆவணத்தைப் படிக்காத நடையும் அரைகுறையே.

ஊர்க்கோடியில் நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு புல் மூடி நிற்கிறது. புனித மைக்கேல் ஆலயத்தில் ஒரு காலத்தில் ஷெர்வுட் காட்டின் காவல் உரிமையைப் பரம்பரையாகக் கொண்டிருந்த எவரிங்காம் குடும்பத்தாரின் சிலைகள் உள்ளன. அவற்றுள் ஓக் மரத்தில் செதுக்கிய பெண்ணுருவம் அம்மாவட்டத்தின் அரிய செல்வம்.

லாக்ஸ்டனுக்குத் தெற்கே சிறிது தொலைவில் சவுத்வெல் நகரம். அதன் பேராலயத்தின் 13-ஆம் நூற்றாண்டு இலைச் சிற்பங்களைக் காண வருவோர் பலர். நகரின் புறத்தே வயல்நடுவில் நிற்கும் செங்கல் கட்டடத்தைக் காண வருவோர் அவர்களைவிடக் குறைவு. 1824-இல் பாதிரியார் ஜான் தாமஸ் பெச்சரின் முயற்சியால் எழுந்த ஏழையர் விடுதி அது. 158 பேரை அடைப்பதற்காகக் கட்டப்பட்ட அவ்விடுதியில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எனப் பிரித்தும், உழைக்கத்தக்கவர், உழைக்கவியலாதவர் எனப் பிரித்தும் வைத்தனர். கணவனும் மனைவியும் வெவ்வேறு முற்றங்களில் இருந்தனர். நடுவே உயர்ந்த மதில். அங்குமிங்கும் நோக்கும் ஜன்னல்களுடன் கண்காணிப்பாளரின் அறை மையத்தில் உள்ளது. அந்த ஜன்னலருகே நிற்பவருக்கு எல்லா முற்றங்களும் தெரிகின்றன. முற்றத்தில் நிற்பவருக்கோ மதிலும் வானமுமே தெரிகின்றன. இன்று அக்கட்டடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அறைகளைப் பொருள்களால் நிரப்பாமல் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டிருப்பது சரியான முடிவு.

இங்கு பரிசோதிக்கப்பட்ட முறையே 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாகி, நாடெங்கும் பரவியது. அதை நடத்தக் கிளம்பிய மூன்று ஆணையர்களுள் ஒருவரான ஜார்ஜ் நிக்கல்ஸ், சவுத்வெல்லில் ஏழையர் மேற்பார்வையாளராக இருந்தவர். அதற்கும் முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். அவருடைய 'பெங்கால்' கப்பல் 1815-இல் இலங்கையின் காலித் துறைமுகத்தில் தீப்பற்றி அழிந்தது. அக்கப்பலோடு அவருடைய கடல் வாழ்க்கையும் முடிந்து, இங்கிலாந்தின் ஏழைகளின் தலைவிதியை எழுதும் வாழ்க்கை பின்னர் தொடங்கியது.

கட்டடம் ஆள்வோரின் திட்டத்தைச் சொல்கிறது. அதற்குள் வாழ்ந்தோரின் குரலைக் கேட்க மீண்டும் கியூவுக்கே திரும்பவேண்டும். ஏழையர் சட்ட ஆணையத்துக்கும் உள்ளூர்க் காப்பாளர் குழுக்களுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து அங்கு தொகுதி தொகுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதிகாரிகளின் கடிதங்களுக்கு நடுவே, உணவு போதவில்லை என்றும் உதவி மறுக்கப்பட்டது என்றும் ஏழைகளே எழுதிய முறையீடுகள் உள்ளன. அவற்றிலுள்ள பிழையான எழுத்துகளும்கூடக் கணக்குப் பிள்ளைகளின் நேர்த்தியைவிட மதிப்புடையவை. வரிப்பட்டியலில் விலக்குப் பெற்றோராக மறைந்துபோனவர்கள் அங்கு தம் பெயரோடு பேசுகிறார்கள். சவுத்வெல் தொகுதிகளைத் தன்னார்வலர்கள் கடிதம் கடிதமாகப் படித்து விவரப்பட்டியல் தயாரித்துள்ளனர். ஆகவே ஒருவரின் பெயரைக் கொண்டே அவருக்குரிய கடிதத்தைக் கண்டடையலாம்.

லாக்ஸ்டன் வயல்களை 1952-இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அவை முடியரசின் சொத்து நிர்வாகத்திடம் சென்றன. 2020-இல் பியர்பாண்ட் வழிவந்தோரின் தோர்ஸ்பி பண்ணைக்குத் திரும்பின. இத்தனை கைமாற்றங்களிலும் மன்றம் நிலைத்திருக்கிறது. செல்ல விரும்புவோர் தம் அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று கொண்டுசென்று கியூவில் வாசகர் சீட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஏடுகளைச் சொந்தக் கேமராவில் படமெடுக்கவும் இசைவு உண்டு. படத்தையும் பட்டியலையும் முதலில் படித்து, நவம்பர் இறுதிக்கு முன் லாக்ஸ்டனுக்குப் போய்ச் சேருமாறு திட்டமிடுதல் நன்று; நடுவர்கள் வயலில் இறங்குவது ஆண்டுக்கு ஒரே நாள்தான்.